சாம்பார் சாதத்துக்கு அடியில்

சாப்பிட்டு எழுந்து போன இலையைப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவேன் என்பாள் தாட்சாயணி. கறிவேப்பிலையை ஓரமாக வரிசை கட்டி வைத்தவர் பள்ளிக்கூட வாத்தியார். பாதிச் சோற்றின் மேலேயே கை கழுவிவிட்டுப் போனவர் கட்சிக்காரர். வழித்த இலையைப் பார்த்தால் திருமலைக்கு நடந்து ஏறி, நடந்தே இறங்கி வந்த யாத்திரைக்காரர். அவள் சொல்வது எல்லா நேரமும் பலிக்காது. ஆனால் இலையும் தட்டும் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஓட்டலில் வேறு யாருக்கும் தெரியாது என்பது உண்மை.

திருப்பதியிலிருந்து புத்தூர் போகிற சாலையில் இருக்கிறது அந்த ஓட்டல். கீழே சைவம், மாடியில் அசைவம். மலையிலிருந்து இறங்கும்வரை கோவிந்தா கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் இங்கே வந்ததும் மாடிப்படி எங்கே என்று கேட்பார்கள். நாக்குக்கு என்ன தெரியும், பாவம்.

தாட்சாயணியின் இடம் பின்கட்டு. மிச்சமானதெல்லாம் அங்கேதான் வரும். அதைப் பிரிப்பதுதான் அவள் வேலை. சோறு, குழம்பு, பொரியல், காய்கறித் தோல் எல்லாம் பச்சை டிரம்முக்கு. அது வடமாலப்பேட்டைப் பக்கத்தில் ஒரு தனியார் காஸ் பிளான்டுக்குப் போகும். அங்கே அதை மிஷினில் அரைத்துக் கூழாக்கித் தொட்டியில் விடுவார்கள். காஸ் வரும், கடைசியில் உரமும் வரும். வாழை இலை பச்சை டிரம்மில் போகக்கூடாது, பிளேடில் நார் சுற்றிக்கொள்ளும். எலும்பு போகவே கூடாது. அதற்குச் சிவப்பு டிரம், மாநகராட்சி லாரி வந்து எடுத்துக்கொள்ளும். காகிதக் கப்பும் கவரும் சாக்குப் பையில். சொல்லும்போது சுலபம். கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கையை விட்டு என்றால், நிஜமாகவே கையை விட்டுத்தான். மேனேஜர் ரமணா வாங்கிக் கொடுத்த ரப்பர் கையுறையை அவள் அன்றைக்கே ஆணியில் மாட்டிவிட்டாள்.

"இத்தப் போட்டுக்கினா ஸ்பூன் எது, முருங்கக்கா எதுன்னு வெரலுக்குத் தெரில சார்" என்றாள்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். புத்தூர்க்காரர் சிட்டிபாபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். மகள் யாமினியின் பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் படிப்புக்காகத் திருப்பதியில் வாடகைக்கு வீடு பிடித்தபோது, இந்த ஓட்டலில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். பிறகுதான் ஓட்டல்களெல்லாம் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ரமணா இதற்கென்று வைத்த ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அனுப்ப, பிளான்டு டிரம்மை அப்படியே திருப்பி அனுப்பியது. தேய்க்கிற இடத்திலிருந்து எழுந்து வந்து, யாரும் கேட்காமலே, அந்த டிரம்மைக் கவிழ்த்துப் பிரித்துக் கொடுத்தவள் தாட்சாயணி. அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. குப்பை பிரிப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பாயசம் ஒட்டிய இலைக்குள்ளிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, அழுதுகொண்டு ஓடி வந்த மெட்ராஸ் பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறாள். பச்சை டிரம்மின் கைப்பிடியில் யாமினியின் பழைய மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கட்டியிருந்தாள், பிளான்டில் மற்ற ஓட்டல் டிரம்களோடு கலந்துவிடக்கூடாது என்று.

பிளான்டில் மிஷினைப் பார்த்துக்கொள்பவர் வேங்கடாசலம். சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். டிரம் எடுக்க வருகிற ஆட்டோவில் பெரும்பாலான நாட்களில் டிரைவரோடு அவரும் வருவார். டிரம்முக்கு மேல் மூக்கை நீட்டி, "இன்னிக்கு வத்தக்கொழம்பா?" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

ஒருநாள் சொன்னார்: "மத்த ஓட்டல் டிரம்மெல்லாம் தரையில கொட்டி, குச்சியால கெளறிப் பாத்துட்டுத்தான் மிஷின்ல போடுவேம்மா. இந்த மஞ்ச ரிப்பன் டிரம்மு வந்தா மட்டும் கண்ண மூடிக்கினு அப்படியே கவுத்துடுவேன்."

தாட்சாயணிக்கு அன்றைக்கெல்லாம் வாயெல்லாம் பல். வீட்டுக்குப் போய்ச் சிட்டிபாபுவிடம் சொன்னாள், யாமினியிடம் சொன்னாள், எதிர்வீட்டுக்காரியிடமும் சொன்னாள்.

புரட்டாசி வந்தால் மட்டும் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பெருமாளுக்கு விரதம், நெற்றியில் நாமம், பொழுது சாய்ந்ததும் சமைத்ததைப் படைத்துத் தளிகை போட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாடு. போன வருஷம் யாமினி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள் தாட்சாயணி. பெண் பிழைத்தால் ஒவ்வொரு புரட்டாசிச் சனியும் விரதம் இருப்பேன், அன்றைக்குக் கவிச்சியைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று. பெண் பிழைத்தாள். மற்ற நாளில் கோழியும் மீனும் தின்கிறவள்தான். சொன்ன வாக்கு வேறு அல்லவா?

"உங்க தமிழாளுங்களுக்கு நெலந்தா பண்டகே" என்று ரமணா கேலி செய்வான், மாசம் முழுக்கத் திருவிழாதான் என்று. ஆனால் தடுக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற சலீம்தான் வழி சொன்னான்.

"அக்கா, சனிக்கெழமல நீங்க நாமத்தோட கீழ் மிச்சத்தப் பாருங்க. மாடி மிச்சம், எலும்பு எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, மூன்றாம் சனிக்கிழமைவரை.

அன்று மாடியில் ஏதோ கம்பெனிக்காரர்களின் விருந்து. கோழி பிரியாணி அண்டா அண்டாவாக ஏறிக்கொண்டிருந்தது. கீழேயும் மலைக்கு வந்த கூட்டம் சொல்லி மாளாது. பந்தி நடுவில் சலீமுக்குப் போன் வந்தது. அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. தலைச்சன் பிள்ளை. சலீம் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றான். ரமணா மாடியில் விருந்துக்காரர்களோடு இருந்தான், போனை எடுக்கவில்லை.

"நீ கெளம்பு. பெருமாளு பாத்துக்குவாரு" என்றாள் தாட்சாயணி.

"எலும்பு டிரம்மு அக்கா?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல? போ."

மனசாரத்தான் சொன்னாள். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

பிறகு மாடி மிச்சம் இறங்கி வந்தது. எலும்பும் சோறும் தயிர்ப் பச்சடியும் ஒன்றாகக் குழைந்த பெரிய பெரிய தொட்டிகள். தாட்சாயணி அவற்றின் முன்னால் நின்றாள். காலையில் தலைக்குக் குளித்து, நாமம் இட்டு, வயிற்றில் ஒன்றும் போடாமல் வந்தவள். கையுறையையாவது எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாதா என்று கேட்பீர்கள். ஆணியில் தொங்கிய கையுறையை அவளும் பார்த்தாள். ரப்பருக்குள் இருந்தாலும் கை கைதானே, வாக்கு வாக்குதானே என்று தோன்றிற்று. அப்படியே விட்டுவிடலாம் என்றால் ரமணா வந்து சலீம் எங்கே என்பான். யாரையாவது கூப்பிடலாம் என்றால் அவனவன் பந்தியில் பறந்துகொண்டிருந்தான். யாமினி ஊசியோடு படுத்திருந்த கட்டில் கண்முன் வந்து வந்து போயிற்று. தொட்டுத் தொலைத்து, பெண்ணுக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்?

அதற்குள் வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்துவிட்டது.

சாம்பார் கிளறுகிற நீளக் கரண்டியை எடுத்தாள். மேலாகத் தெரிந்த எலும்புகளை அதால் வாரிச் சிவப்பு டிரம்மில் போட்டாள். அடியில் என்ன இருக்கிறது என்று கரண்டிக்கு எப்படித் தெரியும்? அவள் விரலுக்குத்தான் தெரியும். மீதியைப் பச்சை டிரம்மில் சரித்தாள். சரித்ததோடு விட்டிருந்தால்கூடப் போகிறது. கீழ்ப் பந்தியில் மீந்த சாம்பார் சாதத்தைக் கொண்டுவந்து அதன் மேல் கொட்டி, கரண்டியால் நிரவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எலும்பை மறைக்க முடிந்தது.

சனிக்கிழமைகளில் மிஷினுக்கு ஓய்வில்லை என்பதால் வேங்கடாசலம் பிளான்டிலேயே இருந்துவிடுவார். டிரைவர் தரணி மட்டும் வந்தான். மஞ்சள் ரிப்பன் கட்டிய டிரம்மை ஏற்றிக்கொண்டு போனான். தாட்சாயணி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், அழுக்குப் படாத கையை. வீட்டுக்குப் போய்த் தளிகை போட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் தரணி சீக்கிரமே வந்தான். ஆட்டோவில் டிரம் ஒன்றும் இல்லை. கையில் ஒரு ஸ்பூன் இருந்தது, கொக்கியாக வளைந்து. அதன் காம்பில் இந்த ஓட்டலின் பெயர் பொறித்திருந்தது.

"வேங்கடாசலம் அண்ணனுக்கு ரெண்டு வெரலு போயிடுச்சு" என்றான், பின்கட்டில் நின்ற ரமணாவிடம். "மிஷின் நின்னுபோச்சு சார். பாத்தா எலும்பும் இந்த ஸ்பூனும் பிளேடுல சிக்கிக்கினு கீது. ஸ்விட்ச்ச அணைக்காம அவுரு கைய வுட்டுட்டாரு. சிக்கினது வந்துச்சு, பிளேடு சுத்திடுச்சு. வலது கையி."

தாட்சாயணி தன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு விரல். அவள் விடாமல் வைத்துக்கொண்ட கைக்குப் பதிலாக அவர் விட்ட கை.

அந்த நேரம் பார்த்துத்தான் சலீம் உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு, கையில் மிட்டாய்ப் பெட்டி. பெண் குழந்தை. பெட்டியைத் திறக்கக்கூட ரமணா விடவில்லை.

"நின்ன எலும்பு டிரம் பாத்தது நுவ்வே கதா?" என்றான் ஸ்பூனை நீட்டி. நேற்று நீதானே என்று. சனிக்கிழமைகளில் எலும்பு டிரம் யாருடையது என்பது அந்த ஓட்டலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சலீம் ஸ்பூனைப் பார்த்தான். பிறகு தாட்சாயணியைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் சொல்லாமல் போனதைச் சொல்ல வேண்டும், யார் போகச் சொன்னது என்றும் சொல்ல வேண்டும். அவள் பேசட்டும் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. தாட்சாயணி காலி டிரம்முக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டாள். அதற்குள் ஒன்றுமே இல்லை.

"ஆமா சார்" என்றான் சலீம்.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டான் ரமணா. மிட்டாய்ப் பெட்டி பின்கட்டு மதில் மேலேயே கிடந்தது. மத்தியானம் அதில் எறும்பு மொய்த்திருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்றிலிருந்து தாட்சாயணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கவளம் எடுத்தால் போதும், அந்த டிரம்மின் மேல் சோற்றை நிரவிய கரண்டி ஞாபகம் வந்துவிடும். ரமணாவிடம் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பாள். சொன்னால் இந்த மஞ்சள் ரிப்பன் என்னாகும், எதிர்வீட்டுக்காரி என்ன நினைப்பாள், யாமினி என்ன நினைப்பாள் என்று சாயங்காலம் நினைப்பாள். உன் உயிருக்காகத்தானே என்று மகள் மேல்கூட ஒருமுறை மனசுக்குள் கோபம் வந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டாள். மலையைப் பார்க்காமல் தெருவில் நடக்கப் பழகினாள். திருப்பதியில் அது லேசான காரியமில்லை.

வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம், குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு சலீம் வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி படுக்கையிலிருந்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அன்னிக்கு இவர அனுப்பி வெச்சீங்களாமே அக்கா? இவரு வந்து நின்னப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. உங்க புண்ணியம்."

தாட்சாயணிக்கு அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சலீம் பெண்டாட்டியிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை என்று புரிந்தது. வேலை போனதற்கு வேறு என்ன காரணம் சொன்னானோ. வழியனுப்பத் தெருமுனைவரை வந்தான். அங்கே நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"எனக்கு அன்னிக்கு வாயி வரல அக்கா. ஒத்துக்கறேன். உங்களுக்கு இன்னா ஆச்சு? உங்க வாயி நல்லாத்தானே கீது?"

திரும்பி நடந்து போய்விட்டான். அவனைத் திட்டவும் முடியாது, அவனிடம் அழவும் முடியாது. நடுத்தெருவில் வெறும் பையோடு நின்றாள்.

நான்காம் சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு வடமாலப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டாள். அன்றும் விரதம்தான். விரதம் என்று சொல்லிக்கொள்ளத்தான் கூச்சமாக இருந்தது.

வேங்கடாசலத்தின் வீடு பிளான்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சமையல் மூலையில் அவர் மனைவி பத்மாவதி சாயங்காலத் தளிகைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வலது கை மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. நெற்றியில் நாமம் கோணலாக இருந்தது.

"வாம்மா, உள்ள வா. எதுக்கு இதெல்லாம்?"

"வலி எப்படி கீதுண்ணா?"

"வலி பரவால்ல. இல்லாத வெரலு அரிக்குதும்மா. அத்த எங்க போயிச் சொறியறது சொல்லு?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "என் மேலயும் தப்பு கீது. ஸ்விட்ச்ச அணைச்சிருக்கணும். கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தபா கெளறிப் பாத்திருக்கணும். மஞ்ச ரிப்பன பாத்தேன். நம்ம தாட்சாயணி டிரம்முதானேன்னு அப்படியே கவுத்துட்டேன். எலும்புப் பக்கம் அன்னிக்கு நீ போவல, யாரோ சலீமாமே, அவன்தான் பாத்தான்னு அப்புறம் சொன்னாங்க. அந்தாளு மேல வந்த கோவம் இன்னும் அடங்கல."

தாட்சாயணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சலீமு இல்லண்ணா. அவன் அன்னிக்கு அங்க இல்ல. அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சு, நான்தான் போகச் சொன்னேன். டிரம்ம நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாக்கலண்ணா. கரண்டியால மேலாக்க வாரிட்டு, அப்படியே சரிச்சிட்டேன். மேல சாம்பார் சோத்தப் போட்டு மூடினதும் நான்தான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் மூடினேன். உன் கைய நான்தாண்ணா நறுக்குனேன்."

முறத்தின் சத்தம் நின்றுபோயிற்று. பத்மாவதி எழுந்து நின்று இவளையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தாட்சாயணிக்குத் தோன்றிற்று.

"ஏன் கைய வுட்டுப் பாக்கல?" என்று கேட்டார் வேங்கடாசலம். "நீ கையுற கூடப் போடாம தொழாவறவ ஆச்சே."

"புரட்டாசி சனிக்கெழமண்ணா. யாமினிக்கு வேண்டிக்கினது. வெரதத்துல கவிச்சியத் தொடமாட்டேன்னு சாமிக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

அவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார்.

"நானும் அன்னிக்கு வெரதம்தாம்மா" என்றார். "காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. சிக்கிக்கினு இருந்தது எலும்புன்னு தெரிஞ்சிதான் கைய வுட்டேன். மிஷின் நின்னுக்கினு கீதே, வேல ஆவணுமேன்னுதான் தோணிச்சு. சாமி கோச்சுக்குமான்னு தோணவே இல்ல."

தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்மாவதி தேற்றவில்லை. தேற்ற வேண்டும் என்று அவளுக்கு என்ன வந்தது?

"அழுதா வெரலு மொளைக்கப் போவுதா?" என்றார் வேங்கடாசலம். குரல் இப்போது கடுத்திருந்தது. "அந்தப் பையனுக்கு வேல போயி ஒரு வாரம் ஆவுது. பச்சக் கொழந்தய வெச்சிக்கினு கீறான். ரமணாவுக்குப் போனப் போடு. இங்கயே போடு, என் எதுர்ல."

எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். நாமத்தின் ஒரு கோடு புருவத்தில் இறங்கியிருந்தது, இன்னொன்று பாதியில் நின்று, நடுவில் சிவப்பு சிந்தியிருந்தது. அது ஏன் அத்தனை கோணல் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இடது கையால் இட்டுக்கொண்ட நாமம்.

"ஏமம்மா தாட்சாயணி?" என்றது ரமணாவின் குரல்.

"சார்" என்று தொடங்கினாள். "போன சனிக்கெழம டிரம்ம பாத்தது சலீமு இல்ல சார்."